வங்காள விரிகுடாவுக்கு ஒரே நாற்காலி

பல வருடங்களாக நான் செய்துவரும் வேலை எனக்குச் செய்யத் தெரியுமா என்று கேட்பதற்காக, என் கம்பெனி என்னைச் சென்னையிலிருந்து மலாக்காவுக்கு வரவழைத்தது. போய்வர டிக்கெட், கடலோர விடுதியில் அறை, காலைச் சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. வேலை நிலையாக இருந்த காலத்தில் ஒரு நாள்கூட இவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. வேலை போகக்கூடும் என்றதும் மரியாதை தானாக வந்துவிட்டது.

நான் விமான டிஸ்பாட்சர். அப்படியென்றால் என்ன என்று என் மாமியார் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் நிரப்ப வேண்டும், போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்றாக எந்த ஊரில் இறங்க வேண்டும் என்று புறப்படும் முன்பே திட்டம் போடுவது என் வேலை. அந்தத் தாளில் கேப்டனும் நானும் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் நகரும். போட்ட பிறகும் அது தரை தொடும்வரை திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பயணிகளுக்கு எங்களைத் தெரியாது. தெரியவந்தால் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் சின்னக் கம்பெனியும் மலேசியக் கம்பெனி ஒன்றும் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே கூட்டாகச் சேவை நடத்தின. அதனால் வேறெங்கும் கேள்விப்படாத ஓர் ஏற்பாடு எங்களிடம் இருந்தது. வங்காள விரிகுடாவின் மேற்குப் பாதியை நான் பார்ப்பேன். கிழக்குப் பாதியை மலேசியக் கம்பெனியின் தேவிக்கா பார்ப்பார். விமானம் நடுக்கடலைத் தாண்டும்போது நான் போன் போட்டு அதை ஒப்படைக்க வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டதாக வாயால் சொன்னால்தான் என் பொறுப்பு தீரும். வருடக்கணக்கில் தினமும் இப்படிப் பேசியும் நான் தேவிக்காவை நேரில் பார்த்ததே இல்லை.

இப்போது இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. இரண்டு நாட்டு டிஸ்பாட்ச் அலுவலகங்களையும் மூடிவிட்டு, மலாக்கா மாநிலத்தில் டுரியான் துங்கால் என்ற சிற்றூரில் புதிதாக ஒன்று திறக்கிறார்கள். அங்கே வங்காள விரிகுடாவுக்கு ஒரே நாற்காலி. அதற்கு என்னையும் தேவிக்காவையும் நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். மற்ற வழித்தடங்களுக்கும் இதே கதை, வழிக்கு ஒரே நாற்காலி. என் வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்த வயதில் என்னை வேறு விமானக் கம்பெனி எடுக்காது. தேவிக்காவின் கணவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனை லாரி ஓட்டி முதுகு போய் வீட்டில் இருக்கிறார். இரண்டு பேர் நிலைமையும் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

மலாக்கா பேருந்து நிலையத்தில் இறங்கி நின்றபோது, ஒரு டாக்சிக்காரரைத் திட்டும் குரல் கேட்டது. தினமும் போனில் கேட்கிற தேவிக்காவின் குரல்; உடனே திரும்பிவிட்டேன். குரலை வைத்து நான் கற்பனை செய்திருந்த ஆள் நெடுநெடுவென்று உயரமாக, கண்ணாடி போட்டவராக இருந்தார். நின்றவர் என் தோள் உயரம்கூட இல்லை. கண்ணாடியும் இல்லை. டாக்சிக்காரர் அவரைவிட இரண்டு மடங்கு இருந்தும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"கோமதிதானே? பாத்தாலே தெரியுதுலா. படியில எறங்குறதுக்கு முன்னால மேல பாத்து, கீழ பாத்து, ரெண்டு பக்கமும் பாத்து எறங்குறீங்க. பசியாறிட்டீங்களா?"

பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் மலேசிய வழக்கு போனிலேயே பழகியதுதான். ஆனால் பசியாறுதல் என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பட்டிமன்ற மேடையில் கேட்டிருக்கிறேன். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். தேவிக்கா அழைத்துப்போன கடையில் எல்லா மேசையிலும் பசியாறிக்கொண்டிருந்தார்கள். ரோட்டி சானாய் என்று தட்டில் வந்தது எங்கள் பரோட்டாவின் பணக்காரத் தங்கை. கூடவே வந்த பருப்புக் குழம்பில் நான் சாம்பாரைத் தேடினேன், அகப்படவில்லை. ஆனால் இரண்டாவது ரோட்டி சாப்பிடும்போது தேடுவதை நிறுத்திவிட்டேன்.

"இங்க பாருங்க கோமதி," என்றார் தேவிக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. "ஒரு நாக்காலி, ரெண்டு பேரு. வெளிப்படையா பேசிருவோம். போட்டி ஆபீஸ்ல. என் காடியில கெடையாது. சரியா?"

காடி என்றால் இங்கே கார். சரி என்றேன். அந்தக் காடியில் ஏறியதிலிருந்து நாங்கள் அதைப் பற்றித் தவிர வேறெதையும் பேசவில்லை.

தஞ்சோங் கிளிங்கில் இருந்த என் விடுதிக்குப் போகும் முன், ஜாசினில் தன் வீட்டைக் காட்டுவதாகச் சொல்லி செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டினார். பழக்குலைகள் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி வரிசை. நான் என் கைபேசி வரைபடத்தைத் திறந்தேன். அது நாங்கள் ஒரு பச்சை வெற்றிடத்தில் மிதப்பதாகக் காட்டியது. தோட்டத்து முச்சந்தியில் சின்ன முனீஸ்வரன் கோயில். தேவிக்கா காடியை நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடி நின்றார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில். அங்கேயும் நிறுத்தினார்.

"ஒரே வேண்டுதலா அக்கா?"

"ஆமாலா. முனியாண்டி பிஸியா இருந்தா? மாத்து வேணாமா?"

அவர் எதை வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். நானும் இறங்கி, அதே அம்மனிடம் அதற்கு நேர் எதிரானதை வேண்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் டுரியான் துங்காலில் நேர்காணல். புதுக் கட்டடம் அணைக்கட்டுக்குப் போகும் வழியில் இருந்தது. கண்ணாடிச் சுவர், பெரிய பெயர்ப்பலகை, வாசலில் மூன்று மொழியில் வரவேற்பு. உள்ளே மின்சாரம் இல்லை. நாற்காலிகள் வந்திருந்தன, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை, மேசைகள் வரவில்லை. உட்கார்ந்தால் ஒவ்வொருவருக்கும் அடியில் சரசரவென்று சத்தம் வந்தது. ஏசி இல்லாத கண்ணாடி அறையில் இரண்டு கம்பெனி டிஸ்பாட்சர்களும் கோட்டும் டையுமாக அவிந்துகொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வந்திருந்தவர் ஜெரமி. மனிதவள அதிகாரி, சின்ன வயது, எதற்கும் சிரிப்பவர். தேர்வுக்குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு மலாய் அம்மாள், நிர்வாக மேலாளர். பக்கத்தில் கணக்குத் துறைக்காரர் ஒருவர். அவர் இரண்டு நாளும் வாயே திறக்கவில்லை. மூன்றாமவர் ஆறுமுகம் என்ற பழைய டிஸ்பாட்சர். எங்கள் தொழில் தெரிந்தவர் குழுவில் அவர் ஒருவர்தான்.

என் முறை வருவதற்கு முன் தேநீர் இடைவேளை விட்டார்கள். அந்த இடைவேளையில் ஆறுமுகத்தின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவருடைய பதவி ரத்தாகிவிட்டதாம். அவர் அதை வாசித்தார், ஜெரமியிடம் காட்டினார். ஜெரமி சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கோ போன் போட்டார். குழுவில் மூன்று பேர் இருந்தால்தான் நேர்காணல் செல்லும் என்று அங்கிருந்து பதில் வந்தது. ஆகவே வேலை போன ஆறுமுகம் மற்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக மறுபடி வந்து உட்கார்ந்தார். டையை மட்டும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்கள் ஒரு பழமாக இருந்தால் என்ன பழமாக இருப்பீர்கள்?" என்று ஜெரமி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு முன்னால் போன அத்தனை பேரும் ஊர்ப் பெயரைப் பார்த்து டுரியான் என்று சொல்லியிருந்தார்கள். நான் கொய்யா என்றேன். ஏன் என்றார். மலிவு, எந்த ஊர் மண்ணிலும் வரும் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்.

ஆறுமுகம் முன்னால் சாய்ந்து தமிழில் கேட்டார். "ஏம்மா, நெசமா இங்க வந்து தனியா இருப்பீங்களா? மகளை விட்டுட்டு?"

"இருப்பேன் சார். வேற வழியில்ல."

"இது நல்ல பதில்," என்று அவர் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் அறிவித்தார். என்ன பதில் என்று அவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் மனசு சரியில்லாமல் மலாக்கா நகரத்தில் ஒரு மிதிரிக்‌ஷாவில் ஏறினேன். உச்சி முதல் சக்கரம் வரை பிளாஸ்டிக் பூ, பூனைப் பொம்மை, மின்விளக்கு. ஸ்பீக்கரில் ஒரு குத்துப்பாட்டு ஆற்றங்கரையே அதிர ஓடியது. கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். ஓட்டுநர் வருத்தத்தோடு அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "பட்டன் உடைந்து போச்சு அம்மா. ஒன்று முழுசா இருக்கும், இல்லையென்றால் விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும்." பூனைகளுக்கு நடுவே, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் அழுதுகொண்டே ஊர்வலம் போனேன். இரண்டு சுற்றுலாக்காரர்கள் என்னைப் படம் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் செய்முறைத் தேர்வு. அது முடிந்ததும் முடிவைச் சொல்லிவிடுவார்கள். டுரியான் துங்காலில் மின்சாரம் வராததால் தேர்வை ஜாசினில் ஒரு மண்டபத்துக்கு மாற்றியிருந்தார்கள். விடுதியிலிருந்து எங்களை அழைத்துப்போக ஒரு பஸ். குறித்த நேரத்தில் வராதவர் பெயர் அடிக்கப்படும் என்று ஜெரமி முந்தின நாளே சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். தேவிக்கா ஜாசின்காரர் என்பதால் நேராக மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. ஜெரமி எங்களோடு பஸ்ஸில்.

பஸ் ஓட்டுநர் முத்தையா, ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எல்லாரும் ஏறியதும் வண்டியை முடுக்கினார். அப்போது பின் இருக்கையிலிருந்து ஒருவர் கடலைக் காட்டினார். சுமத்ரா பக்கமிருந்து கரிய மேகம் ஒன்று நெடுஞ்சுவராக எழுந்து வந்துகொண்டிருந்தது. சாதாரண மனிதர்கள் நிறைந்த பஸ்ஸாக இருந்தால் யாராவது ஜன்னலை மூடச் சொல்லியிருப்பார்கள். இது டிஸ்பாட்சர்கள் நிறைந்த பஸ். எல்லாரும் ஒரே நேரத்தில் கைபேசியை எடுத்து மேகத்தின் வேகத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

எங்கள் சென்னைக்காரர்கள் மேகம் கரை தொடும் முன் புறப்பட வேண்டும் என்றார்கள். மலேசியக்காரர்கள், மேகம் கடந்துபோகும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். அவரவர் கம்பெனி விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. யார் புத்தகப்படி நடப்பது என்று ஜெரமியைக் கேட்டோம். இணைந்த கம்பெனியின் புதுப் புத்தகம் அடுத்த மாதம்தான் வரும் என்றார். ஆக, அந்தக் காலையில் பஸ்ஸைப் புறப்பட அனுமதிக்க அதிகாரம் உள்ளவர் உலகத்திலேயே இல்லை.

"டீசல் எவ்வளவு இருக்கு?" என்று ஒருவர் முத்தையாவைக் கேட்டார்.

"பாதி டாங்கி."

பஸ்ஸுக்குள் ஒரு முனகல் எழுந்தது. வழியில் வெள்ளம் வந்து சுற்றிப் போக வேண்டியிருந்தால்? ஜாசின்வரை போய்த் திரும்பிவர நேர்ந்தால்?

"ஐயோயோ, இது பஸ்ஸுலா! பறக்காது!" என்றார் முத்தையா. "ஸ்கூல் பஸ்ஸெல்லாம் போயிருச்சு. கோழி லாரி போயிருச்சு. நீங்கதான் குந்திக்கிட்டு இருக்கீங்க!"

இந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. "மண்டபம் பூட்டியிருந்தால் மாற்று இடம் எது?" என்று கேட்டுவிட்டேன். அதோடு போச்சு. டுரியான் துங்கால் என்றார் ஒருவர்; அங்கே மின்சாரம் இல்லை, தகுதியில்லாத மாற்று என்றார் இன்னொருவர். விடுதிக்கே திரும்பலாம் என்றால், புறப்பட்ட இடத்தை மாற்றாகக் காட்டுவதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. எல்லாரும் எழுந்து நின்று விவாதித்தார்கள். அந்த விவாதம் நடக்கும்போதே மழை வந்து பஸ்ஸின் கூரையில் விழுந்தது. இப்போது போகவே கூடாது என்பதில் மட்டும் இரண்டு கம்பெனிக்கும் ஒற்றுமை உண்டாயிற்று.

கைபேசி அடித்தது. தேவிக்கா.

"எங்க இருக்கீங்க? குழுக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க, நீங்கதான் இன்னும் வரல."

"இன்னும் புறப்படலக்கா."

"ஏன், பஸ் கெட்டுருச்சா?"

"இல்ல. மாற்று இடம் முடிவாகல."

பிறகு மிக மெதுவாகக் கேட்டார். "பஸ்ஸுக்கா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார்ந்திருந்தால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேர் பெயரும் போகும். நாற்காலி கேள்வியில்லாமல் தேவிக்காவுக்கு. அது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

"நான் இவங்கள புடிச்சு வைக்கிறேன்," என்றார் அவர். "நீங்க மொதல்ல பஸ்ஸ நகத்துங்கலா!"

நான் எழுந்து, மலேசியக் கம்பெனியின் மூத்தவரான ஹாஷிமைக் கெஞ்சினேன். விடுதி உணவறையிலிருந்து யாரோ எடுத்துவந்திருந்த காகிதக் கைக்குட்டையில், தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஜாசினுக்கு ஒரு பஸ், எரிபொருள் பாதி, மாற்று இடம் கடவுள் விட்ட வழி என்று எழுதி, ஒரு மூலையில் அவரும் எதிர்மூலையில் நானும் கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது கையெழுத்துக்கு முத்தையாவிடம் நீட்டினோம். அவர் அதை வாங்கிக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வழியில் வெள்ளமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

மண்டபத்தில் நாங்கள் இறங்கியபோது கண்ட காட்சியை எங்கள் கம்பெனியின் எந்த விதிப்புத்தகத்திலும் சேர்க்க முடியாது. பக்கத்துக் கூடத்தில் தேவிக்காவின் சொந்தக்காரர் வீட்டுப் பரிசம். அந்தப் பந்தியில், வாழையிலைக்கு முன்னால் தேர்வுக்குழு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவியின் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது; இலையில் சாதம் மலையாக இருந்தது. அவர்களுக்கு அடுத்த இலையில் தேவிக்காவின் தாய்மாமா. பந்தியில் மூத்தவர் இலையை மடிக்கும் முன் மற்றவர்கள் எழுந்தால் பெண் வீட்டுக்கே அவமானம் என்று தேவிக்கா தலைவியிடம் சொல்லிவைத்திருந்தார். மாமாவிடம் வேறு ஒன்று சொல்லிவைத்திருந்தார். நாங்கள் நனைந்த கோட்டுகளோடு வாசலில் நின்றபோது மாமா நெற்றி வேர்க்க, மூச்சு வாங்க, இன்னொரு முறை ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேவிக்கா எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். மாமா இலையை மடித்தார். அவரை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

கை கழுவும் இடத்தில் தேவிக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? சும்மா இருந்திருந்தா வேலை உங்களுக்குத்தானே?"

"மழை வந்து ஜெயிச்சேன்னு எங்கிட்ட நானே சொல்லிக்கணுமா? சீ. உங்கள டெஸ்ட்டுல தோக்கடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். வாங்க."

டெஸ்ட் ஒவ்வொருவராக நடந்தது. தேவிக்கா எனக்கு முன்னால் போனார். கொஞ்ச நேரத்தில் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போனார். நான் உள்ளே போனேன்.

திரையில் ஒரு பொய் விமானம். சென்னையிலிருந்து கோலாலம்பூர், வழியில் இடிமழை. பாதை மாற்றினேன், எரிபொருள் கூட்டினேன், மாற்று ஊர் கொடுத்தேன். எல்லாம் கைப்பழக்கம். பொய் விமானம் நடுக்கடலுக்கு வந்தது. தலைவி முன்னால் இருந்த தாளை வாசித்தார். மேற்கு மேசை இப்போது கிழக்கு மேசைக்குத் தொலைபேசியில் ஒப்படைக்க வேண்டும்.

"கிழக்கு மேசையில் யார்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான்."

"மேற்கு?"

"அதுவும் நீங்கள்தான். இரண்டும் ஒரே நாற்காலி. ஆனால் அழைப்பு கட்டாயம் என்ற விதி இன்னும் இருக்கிறது." மேசைமேல் இரண்டு போன்கள் வைத்திருந்தார்கள். "முன்னால் வந்தவர் இதைச் செய்ய மறுத்துவிட்டார். முட்டாள்தனம் என்று பதிவு செய்துகொள்ளச் சொன்னார். நீங்கள் எப்படி?"

ஆறுமுகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவிக்கா சொன்னதுதான் சரி. ஒரு விமானத்தை இன்னொரு ஆள் காதில் போட்டு வைப்பதே, ஒருத்தி கவனிக்காத தவறை மற்றவள் பிடிப்பதற்குத்தான். எத்தனையோ தடவை தேவிக்கா என் கணக்கைப் பிடித்திருக்கிறார். நானும் எழுந்து அதையே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மகளின் முகம் வந்தது. மறுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்பது தலைவியின் குரலிலேயே இருந்தது.

இடது கையில் ஒரு போனையும் வலது கையில் ஒரு போனையும் எடுத்தேன்.

"ஹலோ, கோமதி பேசறேன்."

"சொல்லுங்க கோமதி."

"விமானம் நடுக்கடல் தாண்டுது. ஏத்துக்கறீங்களா?"

"ஏத்துக்கறேன் கோமதி."

"நன்றி கோமதி."

கணக்குத் துறைக்காரர் முதன்முறையாகத் தலையாட்டினார். இரண்டு மேசைகளுக்கும் நடுவே இவ்வளவு இணக்கமான ஒப்படைப்பைத் தான் பார்த்ததில்லை என்று தலைவி ஜெரமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஆறுமுகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மாலையில் ஜெரமி பெயர்களை வாசித்தார். வங்காள விரிகுடா, கோமதி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகளின் படிப்பு நிற்காது என்ற நினைப்பு நெஞ்சில் குளிர்ந்தது. அது குளிர்ந்து முடிவதற்குள் தேவிக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"காடியில ஏறுங்க. ரூம்ல விடறேன்," என்றார்.

"வேணாம்க்கா, நான் பஸ்ஸுல…"

"அந்த பஸ்ஸுலயா? நாளைக்குத்தான் போய்ச் சேருவீங்க. ஏறுங்க."

தஞ்சோங் கிளிங்வரை வேகமாகவே ஓட்டினார். கோயில்களிலும் நிறுத்தவில்லை. கடற்கரையோரம் சுட்ட மீன் விற்கும் கடையில் நிறுத்தி, என்னைக் கேட்காமலே இரண்டு பேருக்கும் மீனும் சோறும் சொன்னார். மீன் வாழையிலையில் கருகிய மசாலாவோடு வந்தது. நான் கை வைக்கவில்லை.

"சாப்பிடுங்க. கோவம் ஒங்க மேல, மீன் மேல இல்ல." மீனைப் பிய்த்துக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார். "நெசமாவே ரெண்டு போன வெச்சுப் பேசினீங்களா?"

"பேசினேன்."

"யாரு மொதல்ல போன கீழ வெச்சது?"

நான் யோசித்துப் பார்த்தேன். "கிழக்கு," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தபோது அவர் முந்தானையால் முகத்தை மூடியிருந்தார்.

"வலிக்குதுலா கோமதி," என்றார். "அத்தன வருசம். வெறும் வாய்ல முட்டாள்தனம்னு சொன்னதுக்கு."

"நீங்க சொன்னதுதான்க்கா சரி."

"தெரியும். சரியா இருந்து என்ன பண்றது? வீட்டுக்காரருக்கு என்ன சொல்றது?"

மீனை எடுத்து அவர் இலையில் வைத்தேன். அவர் தள்ளிவிடவில்லை.

அடுத்த மாதம் மலாக்காவுக்குக் குடிவந்துவிட்டேன். டுரியான் துங்காலில் மின்சாரம் வந்தது, மேசைகள் வந்தன, புது விதிப்புத்தகமும் வந்தது. அழைப்பு கட்டாயம் என்ற விதி அதிலும் அப்படியே இருந்தது. முதல் நாள் சென்னை விமானம் நடுக்கடலுக்கு வந்தபோது, என் இரண்டு பக்கமும் இரண்டு போன்கள் இருந்தன. சுற்றிலும் மற்றவர்கள் தங்கள் தங்கள் காதில் தாங்களே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு போனைக் கீழே வைத்துவிட்டு, இன்னொன்றில் ஜாசின் வீட்டு எண்ணை அழுத்தினேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவுசெய்திருந்தேன்.

தேவிக்கா எடுத்தார். அடுப்பில் எதையோ தாளிக்கும் சத்தம் கேட்டது. யார் என்று கேட்கவில்லை.

"எங்க இருக்கு?" என்றார்.

சொன்னேன். எவ்வளவு எரிபொருள் என்றார். சொன்னேன். அந்தமானுக்குத் தெற்கே மேகம் பார்த்தீர்களா என்றார். நான் பார்த்திருக்கவில்லை. திரையை நகர்த்திப் பார்த்தேன். இருந்தது, சின்னதாக, வளரக்கூடியதாக.

"இருக்குக்கா."

"கேப்டனுக்குச் சொல்லிருங்க." கரண்டி சட்டியில் உரசியது. "சரி, குடுங்க. எடுத்துக்கிட்டேன்."

ஜாசினில் ஒரு சமையலறையில், கடுகு வெடித்துக்கொண்டிருக்க, சம்பளமில்லாமல் வங்காள விரிகுடாவின் கிழக்குப் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார்.